குருமனையும் கோட்டையும்
கற்பிட்டிக் கரையில் ஒரு கட்டட ஆராய்ச்சி

கட்டடம் மனிதனினும் நெடிது வாழ்வது. கட்டியவன் ஒரு நோக்கங் கருதியே அதனைக் கட்டுகின்றான். அவன் பேரன் காலத்தில் அந்நோக்கம் தேய்கின்றது. சில வேளைகளில் அடியோடு மறைந்தும் விடுகின்றது. சுவர்களோ நிற்கின்றன. நோக்கம் மறைந்தபின் நிற்குஞ் சுவரை என்செய்வது? இடித்து விடுவதா, பூட்டி வைத்துச் சிதைய விடுவதா, வேறொரு தொழிலுக்கு ஆக்கிக்கொள்வதா? பழைமை வாய்ந்த நாடுகள் யாவும் இவ்வினாவுக்கு விடை காணவேண்டி நின்றுள்ளன.

இங்கிலாந்திலே ஊர்க்குருமார் வாழ்ந்த மனைகள் பல இன்று வழிப்போக்கர் தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. நமது புத்தளக் கரையிலே, கற்பிட்டியில், குருமார் பணிபுரிந்த ஓர் ஆலயம் இருந்த இடம் ஒல்லாந்தர் கோட்டையாக மாறியது. ஒன்று அமைதியான மாற்றம். மற்றையது போர்க்கால மாற்றம். இவ்விரண்டினையும் ஒப்புநோக்கி, கட்டடத்தின் பயன் மாறும்போது எது எஞ்சுகின்றது, எது அழிகின்றது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கில நாட்டுக் குருமனை

ஆங்கிலத் திருச்சபையின் ஊர்க்குருமாருள் ‘ரெக்டர்’ எனப்பட்டோர் ஒருசாரார். ‘விகார்’ எனப்பட்டோர் மற்றொருசாரார். ஊரவர் தம் விளைவிற் பத்திலொன்றைத் தசமபாகமாக ஆலயத்துக்கு இறுத்தல் பண்டைய வழக்கம். அதிலே தானியமும் உலர்புல்லுமாகிய பெரும்பங்கு ரெக்டருக்குரியது. எஞ்சிய சிறுபங்கே விகாருக்குரியது. ஆகவே ரெக்டரின் மனை பெரும்பாலும் பெரிதாகவும், மானிய நிலத்தோடும் குதிரைலாயத்தோடும் கூடியதாகவும் அமைந்தது. வருவாயே வீட்டின் வடிவை வகுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இம்மனைகளிற் பெரும்பாலானவை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்தன அல்லது புதுப்பிக்கப்பட்டன. அதற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். வறிய குருமாரின் வருவாயைப் பெருக்கும் பொருட்டு 1704ஆம் ஆண்டில் ஆன் அரசியார் பெயரால் ஒரு நிதி நிறுவப்பட்டது. 1776ஆம் ஆண்டுச் சட்டம், குருவானவர் தம் பதவி வருவாயை ஈடாக வைத்துக் கடன் பெற்று மனையைக் கட்டவும் திருத்தவும் வழிசெய்தது. 1838ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரே பல ஊர்ப் பதவிகளை வகித்துக்கொண்டு எங்கோ வாழும் வழக்கத்தை ஒடுக்கி, குரு தம் ஊரிலேயே உறைதல் வேண்டும் என வற்புறுத்தியது. ஊரில் உறையவேண்டுமாயின் உறைவதற்கு வீடு வேண்டுமன்றோ? எனவே நாடெங்கும் குருமனைகள் பெருகின.

அவற்றின் அமைப்பிலே ஒரு பொதுமை உண்டு. நடுவே வாயிற்கூடமும் மாடிப்படியும் இருக்கும். இருமருங்கும் விருந்தறையும் உணவறையும் அமையும். பின்புறத்தில் அடுக்களையும் ஏவலர் பகுதியும் காணப்படும். பதினெட்டாம் நூற்றாண்டினர் ஒத்த சாளரங்களும் நேரிய முகப்பும் விரும்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பியூஜின் முதலிய சிற்பிகள் கூரிய முகடும் கற்சாளரமுங் கொண்ட கோதிக் முறையைக் குருமனைக்கும் கொணர்ந்தனர். ஆயினும் எக்காலத்து மனையிலும் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய அறை ஒன்று உளது. அது குருவானவரின் படிப்பறை. மறையுரை எழுதுவதும், திருமணம், அடக்கம், வறியோர் உதவி முதலியன பற்றி ஊரவரோடு பேசுவதும் அங்கேயே. ஆதலால் அவ்வறை வாயிலுக்கு அண்மையில் வைக்கப்பட்டது. சில மனைகளில் அதற்கெனத் தனி வாயிலும் அமைந்தது. ஊரவர் குடும்பத்தார் பகுதியினூடே நடவாது வந்து போகும் பொருட்டே இவ்வேற்பாடு. வீடும் அலுவலகமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தமையே குருமனையின் தனியியல்பு எனலாம்.

1870களிலே தானிய விலை வீழ்ச்சியுற்றது. அதனோடு குருமாரின் வருவாயும் குன்றியது. 1936ஆம் ஆண்டுச் சட்டத்தால் தசமபாகத்தின் வழிவந்த வரியும் ஒழிக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு அறை கொண்ட வீட்டைச் சூடேற்றவும் பேணவும் இயலாத நிலையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் திருச்சபை அவற்றைப் பெருந்தொகையாக விற்றது. வாங்கியோர் சிலர் குடியிருந்தனர். சிலர் விடுதி நடத்தினர். விருந்தறை பொது அறையாயிற்று, குதிரைலாயம் படுக்கையறையாயிற்று, மறையுரை எழுதிய மேசை நின்ற இடத்தில் விருந்தினர் செய்தித்தாள் படிக்கின்றனர். ஆயினும் வாயிலிலே ‘பழைய குருமனை’ என்னும் பெயர்ப்பலகை மட்டும் மாறாது தொங்குகின்றது. விற்றவர் பெயரை வாங்கியவர் விட்டுவிடவில்லை.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகக் கோர்ன்வால் பகுதியிலுள்ள செயின்ற் ஜூலியற் குருமனையைக் கூறலாம். பின்னாளிற் பெரும் நாவலாசிரியராகவும் கவிஞராகவும் விளங்கிய தோமஸ் ஹார்டி, கட்டடக் கலைஞராகத் தொழில் பயின்றவர். சிதைந்து கிடந்த அவ்வூர் ஆலயத்தைத் திருத்துவதற்காக 1870ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் அங்கு அனுப்பப்பட்டார். குருமனையில் விருந்தினராகத் தங்கியபோது குருவின் மைத்துனியாகிய எம்மா கிபர்டைக் கண்டார். 1874இல் அவரை மணந்தார். 1912இல் அவ்வம்மையார் இறந்தபின் ஹார்டி பாடிய இரங்கற் கவிதைகள் பல அந்நிலத்தையே நினைவு கூர்கின்றன. அக்குருமனை பின்னாளில் விருந்தினர் தங்கும் இல்லமாக நடத்தப்பட்டது. விருந்தோம்பிய வீடு விருந்தினர் விடுதியானது ஒருவகையிற் பொருத்தமே.

கற்பிட்டியின் நிலை

இனி நம் கரைக்கு வருவாம். ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளக் களப்புமாக, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் மேற்பகுதியிலே, களப்பின் ஓரமாய் அமைந்தது கற்பிட்டி. களப்பின் வாயிலில் உள்ள இரு குடாக்களுக்கும் இன்றும் போர்த்துக்கேயர் குடா, ஒல்லாந்தர் குடா என்றே பெயர். வந்தவர் எவரும் முதலில் எதனைப் பற்ற விழைந்தனர் என்பதை அப்பெயர்களே புலப்படுத்துகின்றன. கற்பிட்டியைக் கைக்கொண்டவன் களப்பைப் பூட்டித் திறக்கும் திறவுகோலைக் கைக்கொண்டவனாவான்.

போர்த்துக்கேயர் இத்தீபகற்பத்தைக் கைக்கொண்ட காலத்தில், இயேசு சபைக் குருமார் இங்கே பணிபுரிந்தனர். அவர்களுக்கு ஒரு சிற்றாலயமும் இருந்தது. ஆலயம் உள்ள இடத்தில் அதனைப் பேணுங் குருவுக்கு உறையுளும் அருகே இருந்திருத்தல் இயல்பு. கிடுகு வேய்ந்த குடிலோ, கற்சுவர் வீடோ, அதன் உருவம் நமக்கு எட்டவில்லை. ஆயினும் இக்கரையில் ஐரோப்பியர் முறையிலே எழுந்த குருமனைகளின் வரலாறு இத்தகைய இடங்களிலேயே தொடங்குகின்றது எனக் கொள்ளலாம்.

ஒல்லாந்தர் 1656இற் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அதே காலப்பகுதியிற் கற்பிட்டியும் அவர்வசமாயிற்று. அப்போது கண்டி நாட்டை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். போர்த்துக்கேயரை ஓட்டுவதற்கு ஒல்லாந்தரைத் துணையாக அழைத்தவனும் அவனே. பின்னர் அவர்தம் பேராசையைக் கண்டு பகைத்தவனும் அவனே. மலைநாட்டிலிருந்து பாக்கு முதலிய பண்டங்கள் புத்தளத்துக்கு இறங்கின. இந்தியக் கரையிலிருந்து துணி முதலியன வந்தேறின. இவ்வாணிகம் தம் கைப்படவேண்டும் என்பதே ஒல்லாந்தர் எண்ணம். ஆகவே 1667இல் அவர் கற்பிட்டியிற் கோட்டை எடுக்கத் தொடங்கி, 1676இல் முடித்தனர். அதற்கு அவர் தெரிந்த இடம், போர்த்துக்கேயரின் காவலரணும் இயேசு சபையாரின் சிற்றாலயமும் இருந்த இடமேயாகும். உயிரை ஈடேற்றும் பொருட்டுத் தேர்ந்த நிலம் களப்பைக் காக்கும் பொருட்டும் ஏற்றதாயிருந்தது.

கோட்டையின் அமைப்பு

கோட்டை ஏறத்தாழச் சதுர வடிவினது. நான்கு மூலையிலும் நான்கு கொத்தளங்கள் உள்ளன. மதில் ஏறக்குறைய நான்கு மீற்றர் உயரமுடையது. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையோடு ஒப்பிடின் இது மிகச் சிறியதே. பெரும்படையை எதிர்த்து நெடுநாள் நிற்றற்காக அன்றி, தோணிகளைக் கண்காணித்துச் சுங்கம் கொள்ளுதற்காக எழுந்த கட்டடம் இது என்பதை அதன் அளவே உணர்த்தும்.

மதில் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் ஆயது. வாயிலோ செங்கல் வேலைப்பாடுடையது. அதன் மஞ்சள் நிறச் செங்கற்கள் சுற்றியுள்ள சாம்பல் நிறச் சுவரினின்றும் தனித்துத் தோன்றும். வளைவான கதவுநிலைக்கு மேலே அழகிய முகட்டு முகப்பு எழுகின்றது. போர்க்கட்டடத்தின் வாயிலிலே ஆலய முகப்பின் சாயல் காணப்படுவது வியப்பன்று. ஒல்லாந்தர் தம் ஆலயத்துக்கும் வீட்டுக்கும் பண்டகசாலைக்கும் இத்தகைய முகப்பையே விரும்பினர். உள்ளே தளபதியின் இல்லம், படையினர் உறையுள், பண்டகசாலை, சிறைக்கூடம் என்பவற்றின் எச்சங்கள் உள. அவற்றோடு ஓர் ஆலயத்தின் எச்சமும் உளது. பயன் மாறிய பின்னும் அவ்வளாகத்தில் வழிபாட்டுக்கு ஓரிடம் இருந்தது. வழிபட்டவரின் சபை மட்டுமே மாறியது. கோட்டைக்கு வெளியே, ஊருக்குள், ஒல்லாந்தர் எழுப்பிய வேறோர் ஆலயமும் உண்டு. அங்குள்ள கல்லறைக் கற்களிலே அக்காலத்தவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

முருகைக்கல்லைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். கடலிலிருந்து எடுக்கும்போது அக்கல் மென்மையானது, கத்தியாலும் செதுக்கலாம். மழையில் நனைந்து உப்பு நீங்கி, வெயிலிற் காய்ந்தபின் இறுகுகின்றது. அதனையே சுட்டாற் சுண்ணாம்பு கிடைக்கும். ஆகவே கல்லும் சாந்தும் ஒரே கடலின் கொடை. நுண்டுளைகள் நிறைந்த அச்சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. சுவரினுள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறிவிடும். பிற்காலத்தார் அறியாமையால் அதன்மீது சீமெந்து பூசும்போது ஈரம் உள்ளேயே தங்குகின்றது. உப்புப் பூத்துக் கல் பொடிகின்றது. உறுதிப்படுத்துவதாக எண்ணிச் செய்யும் வேலை அழிவுக்கே ஏதுவாகின்றது. கடலிலிருந்து முருகைக்கல் அகழ்தலை அரசு இன்று சட்டத்தாலே தடுத்துள்ளது. அது வேண்டிய தடையே. ஏனெனில் முருகைப் பாரே கரைக்கு அரண். ஆனால் அதனால் விளையும் உண்மை ஒன்றுண்டு: இடிக்கப்படும் முருகைக்கல் வீடு எதனையும் அதே கல்லால் மீண்டும் கட்ட இயலாது.

1795ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1807இல், இதே கற்பிட்டியில் சைமன் காசிச்செட்டி பிறந்தார். தமது இருபத்தேழாவது வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையிலே தொகுத்து ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை அவர் வெளியிட்டார். 1859இல் வெளிவந்த அவரது ‘தமிழ்ப் புளூராக்’ தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் முன்னோடி நூலாகும். வணிகமும் படையும் கண்காணிக்கக் கட்டிய கோட்டையின் நிழலிலே, ஊர்களைக் கண்டு எழுதிவைக்கும் அறிஞர் ஒருவர் தோன்றினார். இக்கரைக்கு இது பெருமையன்றோ? இக்காலத்திலே கோட்டை இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் இருந்து வருகின்றது. முந்நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் களப்பைக் காக்குந் தொழில் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

மாற்றத்தின் இரு முகங்கள்

குருமனையும் ஆலயமும் கைமாறிய வரலாறு கற்பிட்டிக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்க ஆலயமும் மனையும் ஒல்லாந்தர் காலத்திற் சீர்திருத்தச் சபைக்குரியனவாயின. பின்னர்ப் பாழடைந்தன. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் அவற்றைப் பெற்றுத் திருத்திக் குடியேறினர். 1823இல் அங்கே செமினரி தோன்றிற்று. பழந்தமிழ் நூல்களை ஏட்டினின்றும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவரேயாவர். ஒருவர் கட்டிய மனை, இன்னொருவர் திருத்திய சுவர், மூன்றாமவர் நடத்திய பள்ளி. அதன் பயனோ தமிழ் முழுமைக்கும் உரியதாயிற்று. பயன் மாற்றத்தின் நன்முகம் இது.

மறுமுகத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. சிலாபத்துக்கு அணித்தாயுள்ள முன்னேஸ்வரம் இக்கரையின் தொன்மையான சிவாலயம். கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அக்கோயிலுக்கு நிலமளித்த செய்தியைக் கல்வெட்டுக் கூறும். 1578இற் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். அதன் அடித்தளத்தின்மீது இயேசு சபையார் தம் ஆலயத்தை எழுப்பினர். அடித்தளம் உறுதியானது, கல் அருகிலே கிடந்தது, இடம் மக்கள் கூடும் இடம். கட்டடத் தொழிலாளன் கண்ணுக்கு இது சிக்கனமான வேலை. வழிபட்டவன் நெஞ்சுக்கோ இது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டிலே கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆதரவிலே கோயில் மீண்டும் எழுந்தது. சுவர் ஒன்றேனும் எஞ்சாத போதும் மக்கள் நினைவு அவ்விடத்தை விட்டுப் பெயரவில்லை. இன்று ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே திரள்வதைக் காண்கின்றோம்.

இவ்வரலாறுகளை அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. பயன் மாறுதல் தன்னளவிலே நன்றுமன்று, தீதுமன்று. இங்கிலாந்துக் குருமனையை அதற்குரியவரே விற்றனர். அங்கே பழம்பெயர் காக்கப்பட்டது. படிப்பறையின் தனி வாயிலை இன்றும் காட்டலாம். வட்டுக்கோட்டையிலே பாழடைந்தது பயன்பெற்றது. முன்னேஸ்வரத்திலோ உரியவரின் இசைவுமில்லை. முன்னதன் சுவடு எஞ்சவேண்டும் என்ற எண்ணமுமில்லை. ஆகவே, எவர் இசைவோடு மாற்றப்பட்டது என்பது முதல் வினா. முன்னிருந்ததை மாற்றியபின்னும் அறிய இயலுமா என்பது இரண்டாம் வினா. இவ்விரு வினாவுமே கட்டட மாற்றத்தை அளக்கும் அளவுகோல்கள். அவ்வளவுகோலால் அளப்பின் கற்பிட்டிக் கோட்டை நடுவே நிற்கின்றது. இசைவின்றிக் கைக்கொண்ட இடம் அது. எனினும் பழைய வழிபாட்டின் நினைவு அங்கு முற்றாக அழிந்திலது.

இன்றைய கடன்

இவ்வளவுகோல் நமக்கு இன்று வேண்டியதாகின்றது. 2009இற் போர் முடிந்தபின் கற்பிட்டிக் கரைக்கு உல்லாசப் பயணிகள் மிகுதியாக வரலாயினர். ஓங்கில்களைக் காணவும் காற்றாடிப் பலகையிற் கடலிற் சறுக்கி விளையாடவும் வருவோர் பலர். அவர்களுக்கென விடுதிகள் எழுகின்றன. நம் கரைக்கு விடுதி புதிதன்று. மீனவர் பருவகாலத்திலே கடற்கரையில் அமைத்துத் தங்கும் குடிலை ‘வாடி’ என்கின்றோம். அரசாங்க உத்தியோகத்தரும் வழிச்செல்வோரும் தங்கிய இல்லத்தை ‘வாடிவீடு’ என்றே நம் முன்னோர் அழைத்தனர். புத்தளத்திலும் சிலாபத்திலும் வாடிவீடுகள் இருந்தன. காலிக் கோட்டையிலே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் எழுப்பிய பெருமனை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே விடுதியாகி இன்றும் விடுதியாகவே விளங்குகின்றது. பழைய மனை புதிய விருந்தினரை ஏற்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் நம் பகுதியிற் பழைய வீட்டை விடுதியாக்குவோர் சிலரே. அதனை இடித்துச் சீமெந்து மாடி கட்டுவோர் பலர். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச்சு 2ஆந் திகதியைத் தொன்மைக்கு எல்லையாக வகுத்தது. அதற்குப் பிற்பட்ட கட்டடம் காக்கப்படவேண்டுமாயின் அரசு அதனைத் தனியே குறித்துப் பிரகடனஞ் செய்தல் வேண்டும். ஒல்லாந்தர் கோட்டை அவ்வெல்லைக்கு முற்பட்டது. ஆங்கிலேயர் காலத்து விறாந்தை வீடும், ஊர்க்குருவின் மனையும், வணிகரின் முருகைக்கல் இல்லமும் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. அவற்றை யார் குறிப்பது? குறிக்கப்படாத கட்டடம் இடிபடும்போது அது இடிபட்டது என்பதை அறிவாரும் இலர்.

இங்கேதான் மாணவர்க்குரிய கடன் பிறக்கின்றது. காசிச்செட்டி தம் ஊரிலிருந்து தொடங்கி நாட்டை எழுதினார். அதற்குப் பெருஞ்செல்வம் தேவைப்படவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதும் பழக்கமே தேவைப்பட்டது. நம் மாணவர் விடுமுறை நாள்களிலே தத்தம் ஊரின் பழைய வீடு ஒன்றைத் தெரிந்து, உரியவரின் இசைவு பெற்று, அடியளவு கோலால் அளந்து, நிலப்படம் வரைதல் வேண்டும். சுவர் எக்கல்லால் ஆயது, கதவு எத்திசை நோக்கியது, கூரை எதனால் வேயப்பட்டது, முன்னர் யார் வாழ்ந்தார், பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பவற்றை முதியோரைக் கேட்டு எழுதி, கல்லூரி நூலகத்திலே சேர்த்தல் வேண்டும். அவ்வீடு நாளை விடுதியாகலாம், பள்ளியாகலாம், இடிந்தும் போகலாம். எதுவாயினும் அது முன்னர் என்னவாக இருந்தது என்பதைக் கூறும் ஏடு ஒன்றேனும் எஞ்சும்.

கோயிற் சுவர் எஞ்சாத காலத்தும் முன்னேஸ்வரத்தைக் காத்தது மக்கள் நினைவு. எல்லாக் கட்டடங்களுக்கும் அத்தகைய நினைவு வாய்ப்பதில்லை. வாய்க்காதவற்றுக்கு எழுத்தே நினைவாதல் வேண்டும்.